மரத்துக்கு விலை உண்டு, மண்ணுக்கு?

காலையில் எழுந்ததும் குழாயைத் திறக்கிறோம். தண்ணீர் கொட்டுகிறது. சிங்கப்பூரில் வசிப்பவரிடம் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், ஒரு பகுதி ஜொகூர் ஆற்றிலிருந்து வருகிறது என்பார். சரியான பதில்தான். ஆனால் கதையில் பாதிதான் அதில் இருக்கிறது.

ஜொகூர் ஆறு கடலில் கலக்கும் ஆறு. கடல் பொங்கும் நேரத்தில் உப்புநீர் ஆற்றுக்குள் ஏறி வந்துவிடும். உப்பு கலந்த நீரைச் சுத்திகரிப்பு நிலையங்கள் எடுக்க முடியாது. ஆகவே ஆற்றின் மேற்பகுதியில், காட்டுக்குள், லிங்கியூ என்ற இடத்தில் ஓர் அணை கட்டி நீரைத் தேக்கினார்கள். தேவைப்படும்போது அங்கிருந்து நல்ல நீரைத் திறந்துவிட்டு, உப்பைக் கீழே தள்ளுகிறார்கள். 2016 அக்டோபரில் லிங்கியூவின் நீர் கொள்ளளவில் 20 விழுக்காட்டுக்கு இறங்கியபோது, இரு நாட்டுப் பத்திரிகைகளிலும் அது பெரிய செய்தி. நீர் எவ்வளவு இருக்கிறது என்று எல்லாரும் கேட்டார்கள். நீர் வருவதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

அங்கே வாழ்ந்து வந்தவர்கள் ஜாக்குன் மக்கள். தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்களில் ஒரு பிரிவினர். நெக்ரித்தோ, செனோய், மெலாயு அஸ்லி என்று மூன்று பெரும் பிரிவுகளாகவும், அவற்றுக்குள் 18 இனக் குழுக்களாகவும் ஒராங் அஸ்லி மக்களை அரசாங்கம் வகைப்படுத்தியிருக்கிறது. மொத்தம் ஏறக்குறைய 2 லட்சம் பேர். ஒரு காலத்தில் இவர்களை 'சாக்காய்' என்று அழைத்தார்கள். அடிமை என்ற பொருள் ஒட்டிய வசைச்சொல் அது. 1960-களில்தான் ஒராங் அஸ்லி, அதாவது 'ஆதி மக்கள்', என்ற பெயர் அரசாங்க ஏடுகளில் நிலைபெற்றது. பெயரில் ஆதி மக்கள் என்று ஒப்புக்கொண்ட அதே அரசாங்க ஏடுகள், நிலம் என்று வரும்போது வேறு மாதிரி எழுதின.

அணையும் ஒப்பந்தமும்

1990 நவம்பரில் ஜொகூர் மாநில அரசும் சிங்கப்பூர்ப் பொதுப் பயனீட்டுக் கழகமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஜொகூர் ஆற்றிலிருந்து நீர் எடுக்க 1962-இல் போடப்பட்ட ஒப்பந்தத்துக்குத் துணையான ஒப்பந்தம் அது. அணைக்கும் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் நிலம் ஒதுக்கப்பட்டது. 53,273 ஏக்கர். அந்த நிலத்தை நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாமல் போவதற்கும், அங்கே வெட்டியிருக்கக்கூடிய மரங்களின் வருமானம் போவதற்கும் இழப்பீடாக 32 கோடி மலேசிய வெள்ளி ஜொகூர் அரசுக்குக் கிடைத்தது. நிலத்துக்குத் தனியாகப் பிரீமியமும் ஆண்டு வாடகையும் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலத்தை இழந்தால் இழப்பீடு வேண்டும் என்பதும், காட்டின் விளைச்சலை இழந்தால் அதற்கும் இழப்பீடு வேண்டும் என்பதும் மாநில அரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தனக்கு வர வேண்டியதைக் கேட்டு வாங்கியது. அது தவறும் அல்ல. ஆனால் அதே காட்டில் தலைமுறை தலைமுறையாகப் பிரம்பு வெட்டி, தேன் எடுத்து, மீன் பிடித்து, பெத்தாய் பறித்து, டுரியான் பொறுக்கி வாழ்ந்த ஜாக்குன் மக்களுக்கு என்ன வந்தது?

மாநிலத்தின் ஒராங் அஸ்லி விவகார இலாகாவிடம் 5 லட்சத்து 60 ஆயிரத்து 535 வெள்ளி கொடுக்கப்பட்டது. எதற்கு? பழ மரங்களுக்கும் பயிர்களுக்கும். மண்ணுக்கு ஒரு காசும் இல்லை.

32 கோடி எங்கே, ஐந்தரை லட்சம் எங்கே! இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் எந்த அதிகாரியும் சட்டத்தை மீறி இப்படிச் செய்துவிடவில்லை. சட்டத்தைப் படித்துத்தான் செய்தார்கள். வேதனையான பகுதி அதுதான்.

ஒரு 'லாம்' செய்த வேலை

அந்தச் சட்டம் பிறந்தது அவசரகாலத்தில். 1948-இல் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான போர் தொடங்கியபோது, காட்டுக்குள் இருந்த கொரில்லாக்களுக்கு உணவும் தகவலும் கிடைக்காமல் செய்ய வேண்டும் என்று பிரிட்டிஷார் நினைத்தார்கள். காட்டோரச் சீனர்களைப் புதுக்கிராமங்களில் வைத்தது போலவே ஒராங் அஸ்லி மக்களையும் வெளியே கொண்டுவந்து முள்வேலிக்குள் வைத்தார்கள். காட்டுக் காற்றுக்கும் காட்டு உணவுக்கும் பழகியவர்கள் வெயிலிலும் நெரிசலிலும் நோயிலும் மடிந்தார்கள். இறந்தவர்களின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் போனது. தப்பு புரிந்த பிறகு பிரிட்டிஷார் திட்டத்தை மாற்றிக்கொண்டு, காட்டுக்குள்ளேயே கோட்டைகள் அமைத்து, மருந்தும் உப்பும் கொடுத்து அவர்களைத் தங்கள் பக்கம் இழுக்க முயன்றார்கள்.

1954-இல் பூர்வகுடி மக்கள் சட்டம் கொண்டுவரப்பட்டது இந்தச் சூழ்நிலையில்தான். பின்னர் 1974-இல் அது சட்டம் 134 என்று திருத்தி அச்சிடப்பட்டது. அந்த மக்களைக் காப்பதற்கென்று எழுதப்பட்ட சட்டம். ஆனால் நிலம் பற்றிய இரண்டு பிரிவுகளைப் பாருங்கள்.

பிரிவு 11 மரங்களைப் பற்றியது. பூர்வகுடி மக்களுக்கு உரிய பழ மரங்களோ ரப்பர் மரங்களோ உள்ள அரசு நிலத்தை வேறு யாருக்காவது கொடுத்தால், அம்மக்களுக்கு இழப்பீடு கொடுத்தாக வேண்டும். பிரிவு 12 நிலத்தைப் பற்றியது. அவர்களுடைய பகுதியிலிருந்து நிலத்தைப் பிரித்தெடுத்தால் மாநில அரசு இழப்பீடு வழங்கலாம்.

மரத்துக்கு 'வேண்டும்'. மண்ணுக்கு 'லாம்'.

அரசாங்க அலுவலகத்தில் ஒருமுறையாவது மனு கொடுத்தவர்களுக்கு இந்த 'லாம்' எப்படிப்பட்டது என்று விளக்கத் தேவையில்லை. கொடுக்கலாம் என்றால் கொடுக்காமலும் இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு திட்டம் வரும்போதும் அதிகாரிகள் காட்டுக்குள் போய் மரங்களை எண்ணினார்கள். டுரியான் இத்தனை, ரப்பர் இத்தனை என்று பட்டியல் போட்டார்கள். பாட்டன் நட்ட மரத்துக்கு விலை போட்டவர்கள், பாட்டனைப் புதைத்த இடத்துக்கு விலை போடவில்லை. புதைத்த இடத்துக்குப் பட்டா இல்லையே!

1961-இல் மத்திய அரசு ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. ஒராங் அஸ்லி மக்களின் நில உரிமையில் அவர்களுக்குள்ள சிறப்பு நிலை மதிக்கப்படும், அவர்களுடைய முழுச் சம்மதம் இல்லாமல் பாரம்பரிய இடங்களிலிருந்து நகர்த்தப்பட மாட்டார்கள் என்று அதில் கூறப்பட்டிருந்தது. நல்ல வார்த்தைகள். ஆனால் நிலம் மாநில அரசின் கையில், கொள்கை மத்திய அரசின் கையில். 1970-களில் பேராக்கில் தெமெங்கோர் அணை கட்டப்பட்டபோது ஜஹாய், தெமியார் மக்கள் பானுன், கெமார் மறுகுடியேற்றத் திட்டங்களுக்குப் போனார்கள். பாம்பு பிடிக்கவும் பன்றி வேட்டையாடவும் தெரிந்தவனைக் கொண்டுபோய் வரிசை வீட்டில் வைத்தால் அவன் என்ன செய்வான்?

நீதிமன்றப் படிக்கட்டில் ஜாக்குன் மக்கள்

லிங்கியூ மக்கள் அதோடு விடவில்லை. 52 பேர் சேர்ந்து ஜொகூர் மாநில அரசின்மேல் ஜொகூர் பாரு உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். சட்ட ஏடுகளில் 'அடோங் பின் குவாவ்' வழக்கு என்று பெயர் பெற்றது இதுதான்.

வாதம் புதுமையானது. அணைப் பகுதிக்குள் அவர்கள் வீடு கட்டிக் குடியிருந்தது பழைய காலத்தில். பிறகு காட்டோரக் குடியிருப்புகளில் இருந்துகொண்டு, பிழைப்புக்காக உள்ளே போய் வந்தார்கள். வீடும் இல்லை, பட்டாவும் இல்லை என்றால் என்ன உரிமை என்று எதிர்த்தரப்பு கேட்காமல் இருக்குமா? ஆனால் நீதிபதி மொக்தார் சிடின் உலகத்தின் வேறு மூலைகளையும் பார்த்தார். கனடாவில் நிஸ்கா மக்கள் தொடுத்த கால்டர் வழக்கு, 1973. ஆஸ்திரேலியாவில் மர்ரே தீவு மக்களின் மாபோ வழக்கு, 1992. வெள்ளைக்காரன் வந்து கொடி நட்டதனால் அதற்கு முன்பே அங்கிருந்தவர்களின் உரிமை தானாக அழிந்துவிடாது என்று அந்த நாடுகளின் உச்ச மன்றங்கள் ஏற்றுக்கொண்டிருந்தன.

1996 நவம்பரில் தீர்ப்பு வந்தது. காட்டில் நடமாடவும் அதன் விளைச்சலைக் கொண்டு வாழவும் ஜாக்குன் மக்களுக்குள்ள உரிமை பொதுச் சட்டப்படி ஓர் உரிமைதான். அதுவும் சொத்துதான். அரசியலமைப்பின் 13-ஆவது விதியின்படி, போதிய இழப்பீடு இல்லாமல் எவருடைய சொத்தையும் எடுக்க முடியாது. அப்படியென்றால் இவர்கள் எதை இழந்தார்கள்? பரம்பரை நிலம், அங்கே வாழவும் நடமாடவும் உள்ள சுதந்திரம், காட்டின் விளைபொருள், தங்கள் வருங்கால வாழ்வு, தங்கள் சந்ததியின் வாழ்வு என்று ஐந்து இழப்புகளை நீதிபதி கணக்கிட்டார். மரத்தை எண்ணிய இடத்தில், முதல் தடவையாக, பிறக்காத பேரப் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணினார்கள்.

தொகை, 2 கோடியே 65 லட்சம் வெள்ளி. ஏக்கருக்கு ஐந்நூறு வெள்ளிகூடத் தேறாது. இருந்தாலும் ஐந்தரை லட்சத்தோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மாநில அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. அங்கும் தீர்ப்பு நிலைத்தது.

எனினும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. காட்டைப் பயன்படுத்தும் உரிமைக்கு விலை கிடைத்தது. நிலமே அவர்களுடையதா என்பதற்கு விடை கிடைக்கவில்லை. அந்தக் கேள்வி சிலாங்கூரில், விமான நிலையத்துக்குப் போகும் சாலையில் காத்திருந்தது.

டெங்கில் வட்டாரத்தில் இரு சமூகங்கள்

சிப்பாங்கில் புதிய அனைத்துலக விமான நிலையம், பக்கத்தில் புத்ராஜெயா. 1990-களில் இந்த வட்டாரமே தலைகீழாக மாறியது. மலேசியத் தமிழர்களுக்கு இது தெரிந்த கதை. புத்ராஜெயா எழுந்த இடம் பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷ் இராணுவ அதிகாரிகள் தொடங்கிய தோட்டம் என்பதால் 'பெரும் போர்' என்று பெயர். ரப்பர் உலகில் புகழ்பெற்ற பி.பி. 260 இரகத்தின் 'பி.பி.' இந்தத் தோட்டத்தின் பெயர்தான். அங்கேயும் அருகிலிருந்த தோட்டங்களிலும் பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. அந்தக் கட்டடங்களின் விரிசல்களைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகள் எழுதாத ஆண்டு குறைவு.

அதே டெங்கிலில் புக்கிட் தம்போய் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே வாழ்பவர்கள் தெமுவான் மக்கள். விமான நிலையத்துக்கு இணைப்பாக நீலாய்–பந்திங் நெடுஞ்சாலை போடும்போது அவர்களுடைய 38 ஏக்கர் நிலம் குறுக்கே வந்தது. 1998-இல் விமான நிலையம் திறக்க வேண்டும். அவசரம். 14 நாளில் வெளியேற வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. 1996-இல் இயந்திரங்கள் வந்தன. 23 குடும்பங்கள். வீட்டுக்கும் மரத்துக்கும் பயிருக்கும் பணம் கொடுக்கப்பட்டது. நிலத்துக்கு? அதே பழைய 'லாம்'.

தோட்டப் பாட்டாளியின் வேதனையையும் தெமுவான்களின் வேதனையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. தோட்டத் தமிழன் உழைத்தது கம்பெனி நிலத்தில். நூறு ஆண்டு உழைத்தும் அது அவனுடையது என்று சட்டம் சொல்லவில்லை. அவன் கேட்டது வீடு. தெமுவான்கள் கேட்டது வேறு. கம்பெனியும் சுல்தானும் சர்வேயரும் வருவதற்கு முன்பே இந்த மண் எங்களுடையது, அதை ஒப்புக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆனால் இயந்திரம் வந்து நின்ற காலையில் இரு வீட்டுப் பெண்களும் கட்டிய மூட்டை ஒரே மாதிரிதான் இருந்திருக்கும்.

ஏழு பேர் வழக்குத் தொடுத்தார்கள். 'சாகோங் தாசி' வழக்கு. வழக்கறிஞர் மன்றத்தின் வழியாக வழக்கறிஞர்கள் கட்டணமின்றி வாதாடினார்கள். எதிர்த்தரப்பில் சிலாங்கூர் அரசு, மத்திய அரசு, நெடுஞ்சாலை வாரியம், குத்தகை நிறுவனம்.

இவர்கள் இப்போது காட்டை நம்பி வாழவில்லை, செம்பனையும் ரப்பரும் போடுகிறார்கள், வெளியே வேலைக்குப் போகிறார்கள், ஆகவே பாரம்பரிய உரிமை கேட்க முடியாது என்பது எதிர்வாதங்களில் ஒன்று. கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டிய வாதம் இது. நாகரிக நீரோட்டத்தில் கலந்துவிடு என்று ஒரு பக்கம் அரசாங்கம் அழைக்கிறது. கலந்தவுடன், நீ பூர்வகுடி இல்லை, நிலத்தைக் கொடு என்கிறது. கலக்காதவனுக்கு முன்னேற்றம் இல்லை, கலந்தவனுக்கு நிலம் இல்லை!

2002 ஏப்ரலில் ஷா ஆலம் உயர்நீதிமன்ற நீதிபதி முகமட் நோர் அகமட் இந்த வாதத்தை ஏற்கவில்லை. மொழியும் பழக்கவழக்கமும் தொடர்ந்து இருக்கின்றன, அவர்கள் தெமுவான்களே என்றார். குடியிருந்து பயிரிட்டு வந்த அந்த நிலத்திலேயே அவர்களுக்கு உரிமை உண்டு என்றார். நிலக் கையகப்படுத்தல் சட்டப்படி, மற்ற நில உரிமையாளர்களுக்குக் கொடுப்பது போல், இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டார். அடோங் வழக்கில் மிச்சமிருந்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

2005 செப்டம்பர் 19-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கோபால் ஸ்ரீராம் எழுதிய தீர்ப்பு இன்னும் ஒரு படி போனது. நிலத்தின் ஒரு பகுதி ஒராங் அஸ்லி நிலமாக அரசிதழில் வெளியிடப்பட்டிருந்தது. மறுபகுதி வெளியிடப்படவில்லை. வெளியிடாமல் விட்டது யார்? மாநில அரசு. பாதுகாவலன் தன் கடமையைச் செய்யாமல் விட்டுவிட்டு, அந்தக் குறையையே காட்டி, பாதுகாக்க வேண்டியவனின் நிலத்தை எடுத்துக்கொள்ள முடியாது என்று நீதிமன்றம் கூறியது.

பிறகு பிரிவு 12-க்கு வந்தார்கள். 1954-இன் சட்டம் சுதந்திரத்துக்கு முந்தியது. அரசியலமைப்பு 1957-இல் வந்தது. பழைய சட்டத்தை அரசியலமைப்புக்குப் பொருந்தும்படிதான் படிக்க வேண்டும். ஆகவே, இழப்பீடு 'வழங்கலாம்' என்று இருப்பதைப் போதிய இழப்பீடு 'வழங்க வேண்டும்' என்று படிக்க வேண்டும். ஐம்பத்தோராண்டு கழித்து 'லாம்' போய் 'வேண்டும்' வந்தது!

வழக்கு அதோடு முடிந்துவிடவில்லை. கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போய்க் கிடப்பில் இருந்தது. 2008 பொதுத் தேர்தலில் சிலாங்கூரில் ஆட்சி மாறியது. புதிய மாநில அரசு 2009-இல் தன் மேல்முறையீட்டை மீட்டுக்கொண்டது. 2010 மே 26-இல் நெடுஞ்சாலை வாரியம் 65 லட்சம் வெள்ளி கொடுக்கச் சம்மதித்து வழக்கு முடிந்தது. அந்தச் சாலையில் பன்னிரண்டு ஆண்டுகளாக வாகனங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

மலைக்கு அப்பால்

தீர்ப்பு வந்துவிட்டால் ஊருக்கு ஊர் அது நடைமுறைக்கு வந்துவிடும் என்பதில்லை. மாநில அரசு மறுத்தால் ஒவ்வொரு கிராமமும் தனித்தனியாக நீதிமன்றம் போக வேண்டும். இங்கிருந்துதான் எங்கள் மூதாதையர் வந்தார்கள், இதுதான் எங்கள் இடுகாடு, இது பாட்டன் நட்ட மரம் என்று நிரூபிக்க வேண்டும். எழுத்தில் எதையும் வைக்காதவர்களிடம் எழுத்தில் சான்று கேட்கிற இடம் நீதிமன்றம்.

சரவாக்கின் கதை பெரியது, இங்கே சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். பாக்குன் அணைக்காகக் காயான், கென்யா, பெனான் உள்ளிட்ட ஏறக்குறைய 10,000 பேர் 1998-லிருந்து சுங்கை ஆசாப்புக்கு மாற்றப்பட்டார்கள். குடும்பத்துக்கு 3 ஏக்கர் நிலம். நீண்ட வீட்டில் ஒரு பகுதிக்கு விலை 52,000 வெள்ளி. ஆற்றோரத்தில் காசு கொடுக்காமல் கட்டிய வீட்டை விட்டு வந்தவர்கள் அவர்கள். அணையில் நீர் தேக்கத் தொடங்கியது 2010 அக்டோபரில்தான். கிராமங்களைக் காலி செய்த அவசரம் அணைக்கு இருக்கவில்லை. 2016 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் டி.ஆர். சாண்டா வழக்கில், வேட்டைக்கும் விளைபொருளுக்கும் வைத்திருந்த பொதுக் காட்டின்மேல் இபான் மக்கள் சொன்ன வழக்காற்று உரிமைக்குச் சட்ட வலு இல்லை என்று பெரும்பான்மைத் தீர்ப்பு கொடுத்தது. அங்கே சாலை பின்னோக்கிப் போனது.

தீபகற்பத்தில் கடைசியாக ஒரு திருப்பம் வந்தது. கிளந்தான், குவா மூசாங் பக்கம் போஸ் சிம்போர் என்ற இடத்தில் தெமியார் மக்கள் 2018-இல் மரக்கட்டைகளைக் குறுக்கே போட்டுச் சாலையை மறித்தார்கள். அவர்களுடைய காட்டை அழித்து நடப்பட்டது வேறு எதுவும் அல்ல, டுரியான். சீனச் சந்தையில் விலை ஏறிய மூசாங் கிங் டுரியான். எந்த மரத்தை எண்ணி அவர்களுடைய உரிமையை அளந்தார்களோ, அதே மரம் இப்போது கம்பெனி மரமாக வந்து நின்றது. 2019 ஜனவரியில் மத்திய அரசே அந்தத் தெமியார் மக்களின் சார்பில் கிளந்தான் மாநில அரசின்மீதும் நிறுவனங்களின்மீதும் வழக்குத் தொடுத்தது. 1961-இல் சம்மதம் இல்லாமல் நகர்த்த மாட்டோம் என்று எழுதிக் கொடுத்த அதே மத்திய அரசு, ஐம்பத்தெட்டு ஆண்டு கழித்து.